தப்பாக ஒன்று சொல்லுங்கள்

மூன்றாம் வகுப்பு டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க பொண்ணுக்கு வாசிப்பு தண்ணி பட்ட பாடு. ஆனா 'ஏன்'னு ஒரு கேள்வி கேட்டா விட்டத்தைப் பார்க்கிறா. வெள்ளிக்கிழமை ஒரு கதை குடுத்துக் கேட்பேன். அப்பவும் சொல்லலேன்னா, ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களோட உட்கார்ந்து வாசிக்கட்டும்."

சலவைக்கடைக்காரி மகளைப் பார்த்தாள். வாசிக்கிற வேகத்துக்காக அப்பா வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். வண்டி எந்த ஸ்டேஷனிலும் நிற்பதில்லை என்பது இப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது.

"அந்தப் பல்லு விழுந்த கூட்டத்தோட உட்காரச் சொன்னா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்," என்று வழியெல்லாம் அழுதாள் எக்ஸ்பிரஸ்.

அன்றிலிருந்து கடையில் இஸ்திரிப் பெட்டியோடு விசாரணையும் சூடுபிடித்தது. "பாடத்துல நரி ஏன் ஓடுச்சு? சொல்லுடி!" திருடனைப் பிடித்த போலீஸ்காரர்கூட இப்படி அதட்டியிருக்கமாட்டார். மகள் வாயைத் தைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்தவள், அப்பா சலவைக்கு வாங்கி வைத்திருந்த துணி மூட்டையைப் பிரிக்க உதவினாள். ஒரு பேண்டில் முட்டி இரண்டும் அழுக்கேறிக் கிடந்தன.

"தரைக்குக் கல்லு பதிக்கிறவரு போல," என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"என்னடி இல்ல?"

"அப்படின்னா சிமென்ட் இருக்கணும்ல? இது வெறும் தூசி. அவரு சட்டையப் பாரு, விலா ரெண்டு பக்கமும் கருப்பா உரசியிருக்கு. ஷூ பாலிஷ். இத்தனூண்டு ஷூ." விரலால் அளந்து காட்டினாள். "குட்டிப் பிள்ளை யாரோ முதுகுல ஏறி உதைச்சிருக்கு. இவரு குதிரைம்மா!"

மறுநாள் துணி வாங்க வந்தவர், சிரித்து யாருமே பார்த்திராத வங்கி மேலாளர். அம்மாவுக்கு நாக்கு நிற்கவில்லை. "சார், வீட்ல குதிரைச் சவாரி நடக்குதோ?"

அவர் காதுவரை சிவந்தார். "பேரன்... பேங்க்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

மூன்று நாள் அதட்டியும் திறக்காத வாய், ஒரு தப்பான பேச்சுக்குத் திறந்துகொண்டதே! அம்மா இஸ்திரி மேசைமேல் பாடப்புத்தகத்தை விரித்தாள். "நரி ஓடினது உடம்பு இளைக்கத்தான்."

"ஐயோ அம்மா! அப்படியா போட்டிருக்கு?" பக்கங்கள் பின்னோக்கிப் பறந்தன.

வெள்ளிக்கிழமை அம்மா வகுப்பறை வாசலில் நின்றாள். கதையில் ஒரு தபால்காரர், கடிதமே வராத வீட்டின் முன்னாலும் தினமும் சைக்கிள் மணி அடிக்கிறார். எக்ஸ்பிரஸ் மூச்சு விடாமல் வாசித்து முடித்தாள்.

"ஏன் அடிக்கிறார்?"

எக்ஸ்பிரஸ் விட்டத்தைப் பார்த்தாள். அம்மா முந்தானை நுனியைக் கயிறாக முறுக்கினாள்.

"டீச்சர்... நீங்க முதல்ல தப்பா ஒண்ணு சொல்லுங்களேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் ஒரு கணம் யோசித்தார். "சரி. தெருவுல கூட்டம். வழிவிடச் சொல்லி அடிக்கிறார்."

"இல்ல டீச்சர்!" விரல் மேலே இருந்த வரிக்குத் தாவியது. "தெரு காலின்னு இருக்கு, பாருங்க. இங்க, அந்த வீட்டு மாடியில படுத்திருக்கிற தாத்தா மணிச்சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்றாரு. கடுதாசி இல்லாட்டியும், யாரோ நம்மள நினைச்சுக்கிட்டுப் போறாங்கன்னு அவருக்கு இருக்கும்ல?"

டீச்சர் அந்த வரியைத் தானும் ஒருமுறை வாசித்தார். இரண்டாம் வகுப்புக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த பட்டியலை மடித்து மேசைக்குள் வைத்தார். "போய் உன் இடத்துலயே உட்காரு."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், எனக்கும் தப்பா ஒண்ணு சொல்லுங்க!"