முப்பதாவது மீட்டர்

...இல்லை, பழுது இஸ்மாயில் போட்ட கேபிள் ஜாயிண்டில் இல்லை, அதைத்தான் இன்று காலை நானே மலைமேல் தொலைத்தொடர்புக் கோபுரத்தில் ஏறி வெட்டியெறிந்து புதிதாகப் போட்டேனே, இறங்கிவந்து கேபிளைச் சோதிக்கும் மீட்டரைப் பார்த்தால் அனுப்பிய சிக்னல் பழையபடி திரும்பி வருகிறது, அதே முப்பது மீட்டர், ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு தடவை ஏற என்னால் ஆகாது... மலை ரயில் மெல்ல இறங்குகிறது, அடிவாரத்தில், ஆயர் ஈத்தாமில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும். கேபிள் எங்கே நசுங்கியிருந்தாலும், தண்ணீர் புகுந்திருந்தாலும், சிக்னலில் ஒரு பங்கு அங்கிருந்தே திரும்பிவிடும், போய்வந்த நேரத்தை வைத்து மீட்டர் தூரத்தைச் சொல்லும். அன்றைக்கு முப்பது என்றது, முப்பதில் இருந்தது இஸ்மாயிலின் ஜாயிண்ட், அப்படியே அறிக்கை எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. அவனை ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டார்கள், அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்களாம். "அண்ணே, நான் போட்டதுல தண்ணி போவாதுலா, இன்னொரு வாட்டி செக் பண்ணிப் பாருங்களேன்" என்றான். மெஷின் பொய் சொல்லாது தம்பி என்றேன். அப்படியா சொன்னேன்? சொன்னேன்.

கைப்பேசியில் அறிக்கையோடு அனுப்பிய மீட்டர் திரையின் படம் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்க்கிறேன், முப்பதில் ஒரு மேடு, அப்புறம் கேபிளின் நுனி... நாற்பத்தைந்திலா? அறுபது மீட்டர் கேபிள், நானே அளந்து ஏற்றியது. கேபிளுக்குக் கேபிள் சிக்னல் ஓடும் வேகம் மாறும், எந்தக் கேபிள் என்று மீட்டருக்கு நாம்தான் சொல்ல வேண்டும், போன வருடம் புதுக் கேபிள் மாற்றினோம், மீட்டரில் பழைய கேபிளின் வேகத்தை அப்படியே விட்டிருக்கிறேன், இன்றைக்கும். அப்படியென்றால் அறுபதை நாற்பத்தைந்து என்று காட்டிய மீட்டர், நாற்பதைத்தான் முப்பது என்றிருக்கிறது. நாற்பதில் ஜாயிண்டே கிடையாது. கேபிளைக் கோபுரத்தோடு பிடிக்கும் கிளாம்ப் இருக்கிறது, மழை வருகிறதென்று அவசரத்தில் நான் அளவுக்கு மீறி முறுக்கிய கிளாம்ப். கைப்பேசி அதிர்கிறது, இஸ்மாயில்தான், "அண்ணே, சரியாச்சா?" என்று எழுதியிருக்கிறான், வேறொன்றும் கேட்கவில்லை, பாவி, கோபமாக இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். அன்றைக்கும் இந்த நாற்பத்தைந்து கண்ணில் பட்டதே... பட்டது, உறுத்தவும் செய்தது, முப்பதில் என் வேலை எதுவும் இல்லாததால் மேற்கொண்டு பார்க்கவில்லை. இதை எப்படி எழுதுவது, யாருக்கு முதலில்? ரயில் நின்றுவிட்டது, நான் எழுந்திருக்கவில்லை, பக்கத்தில் நிற்கும் பெண் "அங்கிள், கால் வலியா?" என்கிறாள். ஆமாம்மா, முழங்கால் என்கிறேன்.