நூற்று நாலு

ருமானா இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் என் மகன் ஜெரோம் மூச்சைப் பிடித்துக்கொண்டான். தண்ணீரில் முங்கி இறால் தடவிப் பிடிக்கிறவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது.

"வுடுண்ணே மூச்ச. எவ்ளோ நேரம் புடிப்ப? நான் நின்னுக்கினுதான் இருப்பேன்."

தெருக்குழாயில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு லுங்கிக்கு மேல் சரிந்து விழுந்தது. நூற்று நாலு சென்டிமீட்டர் என்றாள். ஆம்பிளைக்குத் தொண்ணூறைத் தாண்டக் கூடாதாம்.

"அவன் லுங்கி கட்டுற எடத்துல அள. அங்கதான் இடுப்பு," என்றேன்.

"தொப்புள் கிட்டதான் தாத்தா அளக்கணும். கை கால் பாரு, குச்சி மாரி. சேர்றதெல்லாம் வயித்துலயே சேர்ந்தா நெஞ்சுக்கு ஆவாது."

வீடு வீடாக வந்து ரத்தக்கொதிப்பு பார்க்கிற பெண். பழவேற்காட்டுக்காரி. கெட்டவள் இல்லை. ஆனால் டேப்பு பிடிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஏரியை அளந்தார்கள், கரையை அளந்தார்கள். அளந்துவிட்டுப் போன பிறகு எங்களுக்கு எது மிஞ்சியது?

"நாலு ஆளு இழுக்குற வலைய ஒருத்தனா இழுக்குறாம்மா. அது கொழுப்பு இல்ல, பலம்."

அப்போதுதான் மருமகள் கோமளா வாயைத் திறந்தாள். "ஒரு வாரமா ராத்திரில எந்திரிச்சி ஒக்காந்துக்கினு நெஞ்ச தேய்க்கிறாரு. எடது கை மரத்துப் போவுதாம்."

குழாயடியில் சிரிப்பு நின்றது. ருமானா மறுபடி கொதிப்பு பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, இப்போதே பொன்னேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்கச் சொன்னாள். நாளைக்கு இல்லை, இப்போதே.

அன்று சாயங்காலம் எங்கள் பாடு, வலை போட எங்கள் வீட்டு முறை. இறால் ஓடுகிற இடங்களை ஊர் சீட்டுப் போட்டு முறை வைத்துத்தான் பிரிக்கும். முறை வந்த வீட்டுப் பெயர்க்காரன் வலை கட்டும் முதல் கழியைத் தன் கையால் நட வேண்டும். நடுமுன் வேறு ஆள் கால், சொந்த வீட்டு ஆளே ஆனாலும், அந்தத் தண்ணீரில் பட்டால் பாடு கெட்டது, அடுத்த பெயர் இறங்கிவிடும். என் பெயரை எடுத்துவிட்டுத்தான் ஜெரோமின் பெயரைச் சேர்த்தேன். வீட்டில் வேறு ஆம்பிளை இல்லை. நெஞ்சு சரியில்லாதவன் என்று ஊர் முடிவு கட்டினால் அடுத்த சீட்டில் அவன் பெயரும் இருக்காது.

"இன்னா நைனா சொல்ற?" என்றான். நாற்பத்தாறு வயசு, இன்னும் என்னைத்தான் கேட்கிறான்.

"சாயங்காலம் நட்டுட்டு, காலைல பொன்னேரி போ."

"காலைல வரைக்கும் அது காத்துக்கினு இருக்குமா மாமா?" என்றாள் கோமளா. நான் கழியை எடுக்கப் போனேன்.

சாயங்காலம் கரையில் தனசேகர் ஆட்களோடு உட்கார்ந்திருந்தான். அடுத்த பெயர் அவனுடையது. வலையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"இன்னா பெருசு, புள்ளைக்குப் பிரசவமா? தெரு பூரா அவன் வயித்தப் பத்தியே பேச்சு."

"உன் வாய அளக்க டேப்பு பத்தாதுடா."

ஜெரோம் கழியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் மார்பளவு. ஒரு குத்துக் குத்தினான். மறு குத்துக்குக் கை எழவில்லை. கழியைக் கட்டிக்கொண்டு நெற்றியை அதில் வைத்தான். தண்ணீருக்குள் நிற்கிறவனுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை.

"ஜெரோமு!"

"வராத நைனா." காற்றில் பாதிதான் கேட்டது. "நட்டுட்றேன். வராத."

கழி சாய்ந்தே நின்றது. ஏரிக்குள் கடல் ஏற்றம் தொடங்கியிருந்தது. ஈர மணலில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக என் கால் விரல்களை நோக்கி வந்தது. நான் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் நகரவில்லை. தனசேகரின் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.