முருங்கைக்கு வந்த குளிர்

துரைசாமிக்கு முன்பெல்லாம் குளிரைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. கல்கத்தாக் குளிர் என்ன பெரிய குளிர்? கரூர்க்காரர்தான் என்றாலும் இருபது வருஷமாகக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்து, ஆற்றுக்காற்றில் உடம்பு உரமேறிய மனிதர். மாடி வீட்டு ஸான்யால் பாபு, துர்கா பூஜை முடிந்த கையோடு கம்பளிக் குல்லாயை இறக்கி மாட்டி, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றி, கண் இரண்டு மட்டும் தெரியும்படி பால் வாங்கப் போவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர். அதெல்லாம் அவருடைய முருங்கை பூக்கிறவரைக்கும்தான். மரம் பூத்தது, மனிதருக்குச் சனி பிடித்தது.

அந்த மரம் கிடர்பூருக்கு வந்ததே ஒரு கூத்து. அரவக்குறிச்சிப் பக்கம் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனவர், எல்லோரும் தாம்பூலப் பையோடு கிளம்ப, இவர் மட்டும் ஒரு முருங்கைப் போத்தையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கை கனத்துக்கு வெட்டிய கிளை. மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அதை ஈரச்சாக்கில் சுற்றி, கோரமண்டல் எக்ஸ்பிரஸில் தன் படுக்கையில் கிடத்தி, தான் ஓரமாக உட்கார்ந்தபடியே ஹவுரா வந்து சேர்ந்தார். ஏதோ துக்க சமாச்சாரம் என்று நினைத்து எதிர் சீட்டுக்காரர்கள் வழி நெடுக மெதுவாகப் பேசினார்களாம். துறைமுகக் குடியிருப்பில் அவருக்குக் கீழ் வீடு. பின்னால் கொஞ்சம் மண் தரை உண்டு. துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் போத்தை ஊன்றினார். வம்பு அங்கே ஆரம்பித்தது.

முருங்கை இருந்தால் கம்பளிப்பூச்சி இல்லாமல் இருக்குமா? மரத்திலிருந்து கொடிக்கு இறங்கி, கொடியிலிருந்து புடவைக்குள் புகுந்து, பூங்கோதையை வாரத்தில் நாலு நாள் சொறிய வைத்தது. அவர் மனைவி பொறுமைசாலிதான். ஆனாலும் அரிப்புக்கும் பொறுமைக்கும் ஒரு வீட்டில் இடம் கிடையாது.

"காய்தான் கடையில கெடைக்குதே. இந்த மரத்தைக் கட்டிக்கிட்டு எதுக்கு மாரடிக்கறீங்க?" என்றாள்.

"கடையில கெடைக்கறது கடைக்காரன் காய். இருபது வருஷமா அடுத்தவன் சரக்கைக் கப்பல்ல ஏத்தி எறக்கிக்கிட்டே இருக்கேன் பூங்கோத. என் கையால வெளஞ்சதுன்னு ஒரு காயைச் சாம்பார்ல கண்ணால பாத்துடணும்."

சொல்லும்போது அவர் குரல் லேசாக இறங்கிவிட்டது. அவள் மரத்தை விட்டுவைத்தாள். ஆனால் காய்தான் வரவில்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் மரம் பூத்தது நிஜம். தை முடிகிற சமயத்தில், போய்விட்டது என்று நினைத்த குளிர், குடையை மறந்துவிட்டுப் போன விருந்தாளி மாதிரித் திரும்பி வந்து, பூவையெல்லாம் தரையில் கொட்டிவிட்டுப் போனது. மூன்றாம் வருஷம் பூங்கோதை தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் காய் சாம்பார்ல விழணும். இல்லன்னா பங்குனி பொறந்ததும் மரம் தரையில விழும். முருங்கை பருத்தாத் தூணாகவா போவுது?"

துரைசாமி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது, அரிக்கிற முதுகு அவளுடையது.

அந்த வருஷம் மரம் பூத்த பூவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இலை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வெள்ளை வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக மாடி ஜன்னல்வரை பூத்துத் தொங்கியது. மாடியிலிருந்து ஸான்யால் பாபுவின் மனைவி ஷிப்ரா பௌதி தினமும் எட்டிப் பார்த்து, "ஆஹா, என்ன அழகு!" என்று உருகினாள். வங்காளத்தில் அண்ணியைப் பௌதி என்பார்கள். குடியிருப்பு முழுக்க அவள் பௌதிதான்; துரைசாமி ஸாமி-தா, அதாவது சாமி அண்ணன். அவளுக்கும் துரைசாமி தம்பதிக்கும் பொதுவான பாஷை ஹிந்தி. அது இரண்டு தரப்புக்கும் சரியாக வராததால் சண்டையே வந்ததில்லை. பௌதியின் ரசனையைப் பார்த்து துரைசாமிக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் எந்தக் கண்ணால் ரசித்தாள் என்பது அந்த அப்பாவிக்குத் தெரியவில்லை.

சரஸ்வதி பூஜை முடிந்தது. குளிரும் முடிந்தது என்று எல்லோரும் போர்வையை மடிக்கத் தொடங்கிய நேரத்தில், ஸான்யால் பாபு பேப்பரும் கையுமாக மாடிப்படி இறங்கி வந்தார்.

"ஸாமி-தா, பாத்தீங்களா? வடக்கேர்ந்து குளிர்காத்து வருது. நாளைக்கு ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகுமாம். எங்க ஊர்ல ஒரு வார்த்தை உண்டு, மாக மாசத்துக் குளிர் புலியையே நடுக்கும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஊரே சிரித்த குல்லாய்க்கு நியாயம் கிடைத்த திருப்தி அது. துரைசாமியோ மரத்தைத் திரும்பிப் பார்த்தார். புலி நடுங்கட்டும், கழுதை நடுங்கட்டும், முருங்கை நடுங்கினால் என்ன ஆவது?

அன்று சாயங்காலம் அவர் ஆடிய ஆட்டத்தைக் குடியிருப்பே வேடிக்கை பார்த்தது. பூங்கோதையின் பழைய புடவைகளை எடுத்துக் கிளை கிளையாகச் சுற்றினார். எட்டாத கிளைக்கு ஏணி போட்டார். அடிமரத்துக்குத் தன் ஸ்வெட்டரை மாட்டப் பார்த்து, கை நுழையாமல் விட்டார். சருகைக் குவித்துப் புகை மூட்டம் போட்டதில், மாடியில் ஸான்யால் பாபு இருமி, ஜன்னலைச் சாத்தி, "மரத்துக்கு ஆகட்டும், மனுஷன் செத்தாப் பரவாயில்ல" என்று உள்ளிருந்தே கத்தினார். அதோடு விட்டாரா துரைசாமி? பால்காரரிலிருந்து பக்கத்து பிளாக் பெண்கள்வரை கண்டவர்களையெல்லாம் நிறுத்திப் பிரசங்கம் செய்தார்.

"நாளைக்கு ராத்திரியோட எல்லாம் முடிஞ்சுது. விடிஞ்சா ஒரு பூ மிஞ்சாது. நான் சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க. அத்தனையும் கருகி மண்ணுக்குத்தான் போகும்."

கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். ஷிப்ரா பௌதி நெஞ்சில் கைவைத்து, "ஐயோ, அத்தனையுமா?" என்று கேட்டாள்.

"அத்தனையும்!" என்றார் துரைசாமி.

மறுநாள் கப்பல் ஒன்று வந்து நின்றதால் அவரால் லீவு போட முடியவில்லை. மரத்தைப் பார்த்துப் பார்த்து, பூவைக் காப்பாற்றும்படி பூங்கோதையிடம் சொல்லி, பௌதியிடமும் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். துறைமுகத்தில் நாள் முழுக்க அவருக்கு வேலையில் மனசு இல்லை. மத்தியானத்துக்கு மேல் கவலை போய் ஆச்சரியம் வந்தது. குளிர்காற்று வருவதாகச் சொன்ன திசையிலிருந்து ஒரு காற்றையும் காணோம். கடல் பக்கத்துக் காற்று கதகதவென்று வீசியது. கூலிகள் சட்டையைக் கழற்றினார்கள். ஆபீசில் யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். துரைசாமி அந்த விசிறியைக் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். குளிர் வரவில்லை! பூ பிழைத்தது! பஸ்ஸில் நெரிசலில் தொங்கிக்கொண்டு வந்தபோதுகூட அவருக்குச் சிரிப்புதான்.

வீட்டை நெருங்கியதும் மூக்கில் எண்ணெய் வாசனை ஏறியது. எல்லா ஜன்னலிலிருந்தும் ஒரே வாசனை. பின்பக்கம் போனார். மரம் மொட்டையாக நின்றது. அடியில் அவர் கிளைகளுக்குச் சுற்றிய புடவைகள் தரையில் விரித்தபடி கிடந்தன. பூவை உதிர்த்துப் பிடிக்க அவற்றைவிட வசதியான விரிப்பு வேறு எது?

ஷிப்ரா பௌதி தட்டோடு ஓடி வந்தாள். தட்டு நிறையக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்த முருங்கைப்பூ.

"ஸாமி-தா, கவலைப்படாதீங்க! ஒரு பூவைக்கூடக் குளிருக்கு விடல. நாங்க ஏழு பேரு சேர்ந்து பறிச்சோம். சாப்பிடுங்க. மாசி பிறக்கறப்போ இதைச் சாப்பிட்டா அம்மை வராது."

வங்காளிக்கு முருங்கைப்பூ என்பது வசந்தகாலத்துக் கறி. கருகி மண்ணுக்குப் போகிற கறியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அடுப்புக்குத்தானே கொண்டுபோவாள்? அவள் கண்ணில் கள்ளம் கொஞ்சம்கூட இல்லை. செய்த நல்ல காரியத்தின் பெருமைதான் இருந்தது. அவளுக்குப் பின்னால் ஸான்யால் பாபு நின்றார், புழுக்கம் தாங்காமல் குல்லாயைக் கழற்றிய தலையோடு. அந்தக் குளிர்காலத்தில் துரைசாமி முதல்முறையாக அவருடைய வழுக்கையைப் பார்த்தார். அதை ரசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"நீ இருந்தியே, பூங்கோத?" என்றார்.

"தொரட்டிக்கோல் நான்தாங்க எடுத்துக் குடுத்தேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "நீங்கதான விடிஞ்சா ஒண்ணும் மிஞ்சாதுன்னீங்க? ஊரெல்லாம் நின்னு சொன்னீங்களே. வீணாப் போறதுக்கு நாலு பேரு சாப்பிடட்டும்னு..."

துரைசாமிக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. குளிரைத் திட்டலாம் என்றால் அது வரவே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் திண்டாடிப்போய்க் கவிழ்ந்து கிடந்த வாளிமேல் உட்கார்ந்தார். அழுகை வந்தது. ஐம்பதை நெருங்குகிற மனிதர் முருங்கைப்பூவுக்கு அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினால் பௌதி கொடுத்த தட்டு கையில். வேறு வழியில்லாமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். ருசியாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பங்குனி வந்தது. கோடரி வரவில்லை. பூங்கோதை அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், கொடியை மட்டும் அவிழ்த்து முன்வாசல் பக்கம் கட்டிக்கொண்டாள். "அடுத்த வருஷம்வரைக்கும் வாய்தா" என்று ஒரு நாள் ரசம் ஊற்றும்போது சொன்னாள்.

அடுத்த வருஷமும் மரம் பூத்தது. அந்த வருஷம் பேப்பர்க்காரன் பொய் சொல்லவில்லை. தை கடைசியில் ஒரு காலைப்பொழுது, வடக்கிலிருந்து குளிர்காற்று நிஜமாகவே வந்து இறங்கியது. குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. துரைசாமி போர்வைக்குள்ளிருந்து மரத்தை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, பின்வாசலில் குரல் கேட்டது.

"ஸாமி-தா! குளிர் வந்துடுச்சா? இன்னைக்குப் பறிச்சுடலாமா?"

எட்டிப் பார்த்தார். ஷிப்ரா பௌதி இரண்டு சால்வை போர்த்தி, இடுப்பில் பெரிய கூடையோடு நின்றாள். அவருக்கு அந்தக் கணத்தில் ஞானம் பிறந்தது. மரம் இப்போது தேறிவிட்டது. குளிர் உதிர்த்தால் பாதியை உதிர்க்கும். பௌதி இறங்கினால் முழுசும் போய்விடும்.

போர்வையை உதறினார். ஸ்வெட்டரைக் கழற்றினார். வெறும் பனியனும் வேட்டியுமாக வெளியே வந்து, மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"குளிரா? எங்க?" என்றார்.

"பேப்பர்ல போட்டிருக்கே?"

"பே... பேப்பர்ல என்ன வேணும்னாலும் போடுவான். போன வருஷமும் இப்படித்தான் போட்டான். வந்துச்சா?"

காற்று ஒரு சுழற்று சுழற்றி அடித்தது. துரைசாமியின் கையில் மயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது. பல் தந்தி அடித்தது. பௌதி அவருடைய கையைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். கூடையை இறக்கிக் கீழே வைத்துவிட்டுத் தொரட்டிக்கோல் எங்கே என்று தேடினாள். அவ்வளவுதான், இந்த வருஷமும் போச்சு என்று அவர் கண்ணை மூடினார்.

அப்போது பூங்கோதை கதவைத் திறந்தாள். தலையில் ஸ்கார்ஃப், உடம்பில் ஸ்வெட்டர், காலில் உறை. நிலைப்படியில் நின்று புருஷனைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். உள்ளே திரும்பினாள். மறுபடி வந்தபோது மெல்லிசாக ஒரு நூல் புடவை மட்டும் உடுத்தியிருந்தாள். கையில் பனையோலை விசிறி. வந்து அவர் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பப்பா, என்ன புழுக்கம்!" என்று விசிறிக்கொண்டாள். "பௌதி, உங்களுக்கு வேர்க்கலையா?"

ஷிப்ரா பௌதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் பாஷையில் என்னவோ முணுமுணுத்து, சால்வையை இழுத்து மூடி, காலிக் கூடையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

துரைசாமிக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கும் அப்படித்தான். இப்படி வந்து உட்கார, இந்த மனுஷிக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று நினைத்தார்.

"உள்ள போயிடலாமா?" என்றார்.

"அவங்க ஜன்னல்ல நிக்கறாங்க" என்று பூங்கோதை விசிறியை அவர் கையில் கொடுத்தாள். "விசிறுங்க."