தங்கைக்கு வைத்த விளார்

எட்டாவுக்குத் தாடை விண்விண்ணென்று வலித்தது. வில்லோ மர விளாரின் நுனியைக் கீறி, ஒரு பிளவைப் பல்லில் கவ்வி, மற்ற இரண்டையும் இரு கைகளால் இழுத்து மூன்றாகக் கிழிக்கும் வேலை. பின்பற்கள் ஆடத் தொடங்கியும் நிறுத்தவில்லை. இலை கொட்டிய குளிரில் வெட்டினால்தான் ரீஸ் ஆற்றங்கரை விளார் கூடைக்கு ஆகும்.

போன குளிரிலும் ஒரு கட்டு கிழித்து வைத்திருந்தாள். மாசமாக இருந்த தங்கை ஹாட்டிக்கு, பிள்ளையைக் கட்டி முதுகில் சுமக்கும் தொட்டில்கூடை பின்னித் தருவதாக வாக்கு. கோடையில் எட்டாவின் முறம் ஓட்டை விழுந்தது. பைன் கொட்டையைத் தணலோடு போட்டு வீசி வறுக்க முறம் வேண்டும். அந்தக் கட்டைப் பிரித்து முறம் பின்னிவிட்டாள்.

"தொட்டில் எங்கக்கா?"

"உன் புள்ள நாளைக்கேவா குதிக்கப் போவுது? கொட்டை பறிப்பு முடியட்டும்டி."

"அது உன்ன மாதிரி சோம்பேறி இல்ல. முந்திக்கும்."

முந்திக்கொண்டது.

மலையில் கொட்டை பறிக்கப் போனபோது மற்றவர்களின் பிள்ளைகள் தொட்டில்கூடையில் கட்டுண்டு மரக்கிளைகளில் தொங்கின. ஹாட்டியின் மகள் ஆப்பிள் பெட்டியில் தரையில் கிடந்தாள்.

"கடையில வாங்கின புள்ளையாடி, பெட்டியோட வந்திருக்கு?" என்று பெண்கள் சிரித்தார்கள். ஹாட்டியும் சிரித்தாள். எட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் எட்டா வறுத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வீசும்போது காற்று திரும்பியது. ஒரு தணல் தெறித்துப் பெட்டிக்குள் விழுந்தது. பிள்ளை வீறிட்ட பிறகுதான் பார்த்தாள். காதோரம் வெந்திருந்தது.

ஹாட்டி புண்ணில் பைன் பிசின் தடவினாள்.

"திட்டேன்டி," என்றாள் எட்டா.

"திட்டினா உனக்கு லேசாயிரும். மாட்டேன்."

இப்போது வாசலில் நிழல் விழுந்தது. ஹாட்டி. முதுகில் புதுத் தொட்டில்கூடை. உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. காதோரத் தழும்பு பளபளத்தது.

"மாமியா பின்னிக் குடுத்தாங்க," என்றாள்.

எட்டா வாயிலிருந்த விளாரை எடுத்தாள். "இது உனக்குத்தான் கிழிக்கிறேன்."

"வேணாம்க்கா. இன்னொரு முறம் பின்னிக்க. கொட்டை எப்பவும் நெறையத்தான் இருக்கும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எட்டாவைக் கொன்றது. ஹாட்டி போன பிறகு விளாரை மறுபடி பல்லில் கவ்வினாள். வாங்க ஆளில்லாவிட்டாலும் கணக்கு தீரவில்லை. தங்கைக்கு அவள் ஒரு தொட்டில்கூடை பாக்கி.