கசத்தங்கரைக் குதிரை

குற்றாலத்து ஓடைக்கரையில் காவல் பணி புரியும் ஷெர்லின், சென்ற சீசனில் அங்குள்ள கசம் என்னும் ஆழமான மடுவில் ஒருவர் மூழ்கியதை நேரில் கண்டவர். கசத்தின் விளிம்பில் நட்டிருந்த ‘இங்கே குளிக்காதீர்’ என்ற பலகையை எவரும் மதிக்கவில்லை. எனவே, முதுகில் ஏறுவோரை ஒட்டவைத்து நீருக்குள் இழுத்துச்செல்லும் ஸ்காட்லாந்துப் பேய்க்குதிரையான கெல்பியை அதில் வரைந்து வைத்தார்.

மறுநாள் கூட்டம் இரட்டிப்பாயிற்று.

“ஏட்டி, குதிரைகூட ஒரு செல்ஃபி எடுப்போம், தண்ணிக்குள்ள இறங்கு!” என்றார் ஒருவர் மனைவியிடம்.

“அண்ணாச்சி, அது ஆளை முக்குத பேயி!” என்று கத்தினார் ஷெர்லின்.

“பேயா? அம்சமால்லா இருக்கு!”

பொறுமையிழந்த ஷெர்லின் பலகையைப் பிடுங்கிச் சுமந்துபோய்க் கார் நிறுத்துமிடத்தில் நட்டார். கூட்டமும் குதிரையின் பின்னாலேயே போயிற்று. கசத்தில் ஒருவருமில்லை. ஆளை இழுப்பதில் அது கெட்டிக்காரக் குதிரைதான் என்று எரிச்சலோடு ஒப்புக்கொண்டார்.