பத்தரை மணி பிரேக்

நான்காவது தடவையாக வில்சன் வந்து ஸ்டூலில் ஏறி நின்றான். பென்னலூரில் பாதி வீடுகளுக்கு நெட் ஒயர் இழுத்தவன் அவன்தான். முதல் தடவை ஒயரின் முனையை வெட்டிப் புதிதாக மாட்டினான். அடுத்த தடவை பீரோ மறைக்கிறது என்று வைஃபை டப்பாவை ஜன்னல் பக்கம் நகர்த்தி ஆணி அடித்தான். போன தடவை அடாப்டரை மாற்றினான். இன்றைக்கு எதையும் தொடாமல் உதட்டைப் பிதுக்கினான்.

"லைன் நல்லா கீதுக்கா."

"அப்பறம் ஏன் நட்டநடுவுல நின்னு பூடுது?" என்றாள் எழிலரசி. மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு அவளுக்குக் கடைசி டெஸ்ட்.

ஆன்லைனில் துணி விற்கும் ஒரு கம்பெனி. வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களுக்கு சாட்டில் பதில் அடிக்கும் வேலை. ஒரு மாதப் பயிற்சியில் நெட் நின்று நின்று இரண்டு தடவை எச்சரிக்கை வாங்கியாகிவிட்டது. இன்று ஒரு மணி நேரம் தடங்கல் இல்லாமல் உட்கார்ந்தால் வேலை. ஒரு தடவை அறுந்தாலும் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரகடத்தில் ஒரு பேக்டரியின் ஒயரிங் லைனில் நாலு வருஷம் நின்றவள் அவள். "பஸ் ஏறி வேலைக்குப் போறதெல்லாம் இனிமே வாணாம்" என்று புருஷன் டில்லிபாபு சொன்னபோது, பாசத்தில் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். அந்தப் பாசம் இரண்டு வருஷத்தில் ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டுமாகச் சுருங்கி நின்றது. அவள் போனுக்கு நெட் பேக் கூடக் கிடையாது. வைஃபை இருக்கும்போது அது எதற்கு என்பான். இந்த வேலையும் கைநழுவினால் இந்த நாலு சுவரைப் பார்த்தே கிழவியாகிவிடுவோம் என்று அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

லைனில் நின்ற பழக்கம் லேசில் போகுமா? மிஷின் நின்றால் நின்ற நேரம், ஓடிய நேரம், காரணம் என்று ஷீட்டில் எழுதுவார்களே, அதே மாதிரி நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள். காரணம் மட்டும் காலியாக இருந்தது. வில்சன் நோட்டைப் பார்க்காமலே பையைத் தோளில் மாட்டினான்.

"ஆபீஸ்ல கேட்டுக்கினுதான் வந்தேன்க்கா. அறுந்த மாதிரி காட்டல, வேணும்னே நிறுத்துன மாதிரி காட்டுது. நீங்கதான் நிறுத்தி நிறுத்தி வெக்கிறீங்களோன்னு நெனச்சேன். அண்ணன் போன்ல ஆப் போட்டுக் குட்த்தேனே, அதுல எங்கருந்து வேணா நிறுத்தலாம்."

அவன் போன பிறகு நோட்டைப் பிரித்தாள். போன வாரம் நாலரையிலிருந்து நாலு நாற்பது வரை. இந்த வாரம் பத்தரையிலிருந்து பத்து ஐம்பது, ஒன்றிலிருந்து ஒன்று பத்து. போன வாரம் டில்லிபாபுவுக்கு பேக்டரியில் மத்தியான பி ஷிப்ட், இந்த வாரம் விடிகாலை ஏ; பத்தரைக்கே சாப்பாடு. போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் லைனுக்குள் போகவேண்டும். டீ பிரேக்கிலும் சாப்பாட்டு பிரேக்கிலும்தான் கையில் எடுக்கலாம். நாலு வருஷம் பஸ்ஸர் அடித்து டீ குடித்தவளுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. தினமும் வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தட்டிப் பார்த்து, "இன்னா நெட்டோ! விட்டுத் தள்ளு எழிலு, இந்த வேலையே வாணாம்" என்று அவளுக்காக வருத்தப்பட்டவனும் அவன்தான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆனால் மணி பத்தாகிவிட்டது.

லேப்டாப்பில் டெஸ்ட் தொடங்கியது. சேலை வரவில்லை, சாயம் போகிறது, அளவு சரியில்லை என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அடித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு சில்வியாவிடம் ஹாட்ஸ்பாட் கேட்கலாம் என்றால் அவளும் ஏ ஷிப்ட். பத்து இருபத்தொன்பதுக்குப் போனை எடுத்து டில்லிபாபுவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். மூன்றாவது தடவை எடுத்தான்.

"இன்னா எழிலு? இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல மாமா. உன்கூட பேசணும்போல இருந்திச்சி."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். அவன் போன் அவன் காதில் இருக்கும்வரை விரல் அந்த ஆப்புக்குப் போகாது. இன்றைக்கு என்ன சாம்பார், பொரியல் வைத்தார்களா, தலைவலி விட்டதா என்று ஒன்று விடாமல் கேட்டாள். கைகள் பாட்டுக்கு, 'மன்னிக்கவும் மேடம், உங்கள் சேலை நாளை வந்து சேரும்' என்று அடித்தன. அவன் நடுவில், "இரு, ஒரு நிமிசம் வெச்சிட்டுக் கூப்புடறேன்" என்றான்.

"வெக்காத மாமா. வெக்காத, ப்ளீஸ்."

அந்தக் கெஞ்சலில் நடிப்பு இல்லை. அதுதான் அவளுக்கே அவமானமாக இருந்தது. அவன் குரல் இளகியது.

"நீ இப்டி பேசி எத்தினி நாளாச்சி எழிலு."

அவளும் பேசினாள். ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றது, அவன் டிபன் பாக்ஸை மாற்றி எடுத்துப் போனது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். அவன் சிரித்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பத்து ஐம்பதுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸர் அலறியது.

"லைனுக்குப் போவணும். ஒரு மணி டீக்கும் போன் பண்ணு, இன்னா? நாளிக்கும் பண்ணு. தெனமும் பண்ணு."

"பண்றேன் மாமா."

திரையில் அடுத்த ஆள் வந்து காத்திருந்தார். எழிலரசி பதில் அடிக்கத் தொடங்கினாள். பேச்சு நின்றுபோன போன் இன்னும் தோளிலேயே சிக்கியிருந்தது; சாய்த்த கழுத்தை அவள் நிமிர்த்தவில்லை.