தொட்டியில் கொட்டிய ஆசிட்

லாஸ்பேட்டைப் பள்ளி ஒன்றின் லேபில், பத்தாம் வகுப்பு அமிலப் பாடத்துக்குத் திட்டம் எழுத இரண்டு அறிவியல் வாத்தியார்கள் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளே சோதனை செய்ய வேண்டும் என்பது புது விதி. ஆசிட் தெறிக்காமல் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் இன்னும் வரவில்லை.

"கண்ணாடி வராம பிள்ளைங்க கையில ஆசிட்ட குடுக்க மாட்டேன்" என்றார் பலராமன்.

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். பயந்தாங்கொள்ளி, பேசாம எழுதுய்யா" என்றார் செல்வகுமார்.

பலராமன் எழுந்து ஆசிட் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

செல்வகுமார் பாய்ந்து அவரைச் சுவரில் தள்ளி, வாயிலேயே குத்தினார். உதடு கிழிந்தது. பலராமன் இரும்பு ஸ்டாண்டைப் பிடுங்கி அவர் வலது தோளில் ஓங்கி அடித்தார். மேசை சாய்ந்து கண்ணாடிக் குடுவைகள் நொறுங்கின.

தலைமையாசிரியை நிர்மலா ஓடி வந்து நடுவில் நின்றார். "ரவுடிங்களாய்யா நீங்க? நாளைக்கு எத வச்சி சோதனை பண்றது?"

பலராமன் ரத்தத்தைத் துப்பினார். "எலுமிச்சம்பழமும் செம்பருத்திப் பூவும் போதும் மேடம். பழத்துல அமிலம் இருக்கு, பூச்சாறு நிறம் மாறி அதக் காட்டும். பிள்ளைங்களே பிழியட்டும்."

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று முனகினார் செல்வகுமார்.

"எழுதுங்க சார்" என்று நிர்மலா பேனாவை செல்வகுமாரிடம் நீட்டினார். அவரால் கையைத் தூக்க முடியவில்லை. பலராமனே வாங்கி எழுதினார்.